புரட்டாசியில் வந்து நிலம் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகரத்து வேலையை விட்டுவிட்டு, நிலம் வாங்கித் தற்சார்பாக வாழ வருபவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. படங்கள் எல்லாம் ஒரே பச்சை. கார்த்திகை, மார்கழியில் எடுத்தவை என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்குப் பார்த்ததுமே தெரியும். அந்த இரண்டு மாதம் ராதாபுரத்துக் கட்டாந்தரைகூடப் புல் மூடித்தான் கிடக்கும். அப்போது வந்து பார்த்து, தைக்குள் பத்திரம் பதிந்து, சித்திரையில் தென்னம்பிள்ளைக்கு டேங்கர் தண்ணீர் விலை பேசுகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறார்கள். யாரும் வரவேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. நிலம் பார்க்கப் புரட்டாசியில் வாருங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறோம்.

நெல்லைச் சமவெளிக்கு வருஷ மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்துவிடும். அதன்பின் கிணறு இறங்கிக்கொண்டே போய், அடுத்த மழைக்கு முந்தின புரட்டாசியில்தான் அடிமட்டம் தொடும். அன்றைக்கு என்ன தண்ணீர் இருக்கிறதோ அதுதான் அந்த நிலத்தின் உண்மையான தண்ணீர். அம்பாசமுத்திரம், களக்காடு மலையடிவாரத்தில் ஆனி, ஆடியில் சாரல் விழும். அதைப் பார்த்துவிட்டு மானூரிலோ திசையன்விளையிலோ அதே சாரலை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே மேகம் தலைக்கு மேலே போகும், காற்று மட்டும்தான் கீழே இறங்கும். வைகாசி முதல் புரட்டாசி வரை அடிக்கிற அந்த மேல்காற்று வாழையைச் சாய்க்கும், மண் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். நிலத்தின் மேற்கு எல்லையில் பூவரசோ சவுக்கோ இரண்டு வரிசை இல்லாமல் காய்கறி போடுவது வீண் வேலை.

கிணற்றைச் சோதிப்பது எளிது. 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயடியில் வைத்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். ஒரு நிமிஷத்தில் நிரம்பினால் மணிக்கு 12,000 லிட்டர். மோட்டார் போட்டதுமே பார்க்காமல், இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு பார்க்க வேண்டும். பிறகு மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் மட்டத்தில் சுவரில் கரிக்கோடு போட்டுவிட்டு, மறுநாள் காலையில் எத்தனை அங்குலம் ஊறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். கிணற்றின் நீளம், அகலம் இரண்டையும் அடியில் பெருக்கி, 28-ஆல் பெருக்கினால் ஒரு அடி உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். முப்பதுக்கு முப்பதடிச் சதுரக் கிணற்றில் ஒரு அடி என்பது ஏறக்குறைய 25,000 லிட்டர். விற்கிறவர் இந்தச் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை என்றால், சோதனை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவுப் பக்கத்துக் கணக்கு இது. நான்கு பேர் குடும்பத்துக்குக் காய்கறி பத்து சென்ட்: கோடையில் ஒரு நாளைக்கு 2,000 லிட்டர். ஒரு பசுவுக்குத் தீவனப்புல் பத்து சென்ட்: இன்னொரு 2,000. தென்னை பத்து மரம், மரத்துக்கு 80 லிட்டர் வீதம் 800. வீட்டுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் 500. மொத்தம் 5,300. மேலே சொன்ன கிணறு ஓர் இரவில் மூன்று அங்குலம் ஊறினாலே போதும். இதையே ஒரு ஏக்கர் முழுக்க வாழை என்று ஆசைப்பட்டால், ஆயிரம் வாழைக்கு 15 லிட்டர் வீதம் 15,000 லிட்டர் தினமும் வேண்டும். ஐந்து ஏக்கர் வாங்கி, அரை ஏக்கருக்குத் தண்ணீர் காட்ட முடியாமல் மீதியில் உடைமரம் வளர்க்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். ஒரு ஏக்கர் போதும். நல்ல ஊற்றுள்ள ஒரு ஏக்கர்.

புதிதாக ஆழ்துளைப் போர் போட்டுக்கொள்ளலாம் என்று கிணறில்லாத நிலத்தை வாங்குவது சூதாட்டம். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் சொன்ன இடத்திலும் தண்ணீருக்குப் பதில் புழுதிப் புகைதான் வரும் சில நேரம். அதற்கு அவர் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. உவரி, கூடங்குளம் போன்ற கடலோரத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. அங்கே நல்ல தண்ணீர், கனமான கடல்நீரின் மேலே மிதக்கிறது. தண்ணீர் குறைந்துவிட்டதே என்று போரை மேலும் இறக்கினால் உப்புத்தான் ஏறும். வாங்குவதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீரை வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் பாருங்கள். மீட்டருக்கு 0.75 டெசிசீமன்ஸுக்குள் இருந்தால் கவலை இல்லை. 3-ஐத் தாண்டினால் அவரை, பயறு, வெங்காயத்தை மறந்துவிட வேண்டியதுதான். தென்னை ஓரளவு தாங்கும். சுண்ணாம்புத் தண்ணீர் என்றால் சொட்டுநீர்க் குழாயின் துளைகள் அடைத்துக்கொள்ளும், வாரம் ஒருமுறை கடைசி முனையைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டும். ஐந்து ஏக்கருக்குள் வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு நூறு சதவீத மானியம் உண்டு. அதற்குச் சிறு விவசாயி சான்று வேண்டும்.

பண்ணைக்குட்டை வெட்டித் தண்ணீரைச் சேர்த்து வைக்கலாம் என்று நினைக்கிறார்கள். நாற்பதுக்கு நாற்பதடி, ஐந்தடி ஆழம், பக்கச் சரிவு போக ஒன்றே முக்கால் லட்சம் லிட்டர் கொள்ளும். ஆனால் எங்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் மாதம் அரை அடி ஆவியாகவே போய்விடும். செம்மண்ணில் கசிவு வேறு. தேரிக்காட்டுச் செம்மணலில் குட்டை என்பது வெறும் குழி. ஆகவே குட்டையைக் கிணற்றுக்கு மேட்டுப்புறத்தில் வெட்டுங்கள். அதன் வேலை கிணற்றை ஊற வைப்பது. பங்குனிக்குள் அது வற்றினால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

குடிக்க மழைத்தண்ணீர்தான் நல்லது, அதற்கும் கணக்கு இருக்கிறது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக 7,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால், நான்கு பேருக்கு மழையில்லாத ஒன்பது மாதத்துக்கு 10,800 லிட்டர். பத்தடி நீளம், எட்டடி அகலம், ஐந்தரை அடி ஆழத் தொட்டி சரியாக இருக்கும். முதல் இரண்டு மழையை வெளியே திருப்பிவிட்டுக் கூரையைக் கழுவ விட வேண்டும். தொட்டிக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும். குழாய் வாயில் கொசுவலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நஞ்சை வாங்குகிறவர்களுக்கு வேறு பாடம். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் எதுவானாலும் தண்ணீர் நம் இஷ்டத்துக்கு வராது. அணையில் இருப்பு இருந்தால் ஜூனில் முதல் போகமான கார் நெல்லுக்குத் திறப்பார்கள், பிறகு மழைக்காலப் போகமான பிசானத்துக்கு. நடவு, உழவு, அறுவடை எல்லாம் பக்கத்து வயலோடு சேர்ந்துதான். உங்கள் வயல் நடுவில் இருந்தால் அறுவடை இயந்திரம் மற்றவர்கள் அறுத்த பிறகே உள்ளே வரும். தனியாக ஒரு மாதம் பிந்தி நட்டால் ஊரில் உள்ள எலி, பறவை எல்லாம் உங்கள் வயலில்தான் நிற்கும். நான்கு பேர் தினம் ஒரு கிலோ அரிசி சாப்பிட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 560 கிலோ நெல் வேண்டும். உரமில்லாமல் சென்ட்டுக்குப் பதினைந்து கிலோ என்று வைத்தாலும் நாற்பது சென்ட் ஒரு போகம் போதும். காருக்கு அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அம்பை 16 இன்னும் நம்பகமானது, 110 முதல் 115 நாள். பிசான அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் ஏக்கருக்குப் பத்துக் கிலோ உளுந்தை விதைத்துவிடுவது நல்ல வழக்கம். மண்ணில் மெழுகுப் பதம் இருக்க வேண்டும். காய்ந்த பிறகு விதைத்தால் முளைக்காது, தண்ணீர் நிற்கும்போது விதைத்தால் அழுகும்.

புஞ்சையில் நெல் ஆசை வேண்டாம். கம்பு, சோளம், கரிசலானால் குதிரைவாலி. அரிசியைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. எண்ணெய்க்குப் பத்துத் தென்னை தாராளம்: பன்னிரண்டு காய்க்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். எருக்குழியை மட்டும் தென்னைக்கு அருகில் வைக்காதீர்கள். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மக்கிய சாணத்தில்தான். அங்கே பிறந்து நேரே குருத்துக்குப் போகும். மரக்கன்று எதுவானாலும் ஐப்பசி முதல் மழையில் நட வேண்டும். தையில் நட்டது சித்திரைக்குள் வேர் இறக்காது. செம்மண்ணில் கரையானும் சேர்ந்துகொள்ளும். குழிக்கு ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கு போடுங்கள். முதல் வருஷம் சாகுபடியை விடப் பசுந்தாள் உரமாகக் கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுவதே லாபம், ஆடு மாடு அதை அதிகம் கடிக்காது என்பதால் வேலியில்லாத நிலத்திலும் வரும்.

விளைவிப்பதைவிட வைத்துக்கொள்வது கடினம் என்பது பலருக்கும் வண்டு வந்த பிறகுதான் தெரிகிறது. உளுந்து, பயறுக்கு வண்டு வயலிலேயே முட்டையாக ஏறிவிடும். மாசி வெயிலில் பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைகிற வரை காயப்போட்டு, ஆறவிட்டு, பானையில் நிரப்பி, மேலே இரண்டு விரற்கடை காய்ந்த ஆற்று மணல் போட்டு மூட வேண்டும். சூட்டோடு கொட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். தானியம் கொட்டி வைக்கிற அந்தக் காலத்துக் குலுக்கை எங்காவது விலைக்கு வந்தால் விடாதீர்கள்.

பசு வைத்திருக்கிறவர் இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போக முடியாது. அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்று: நாற்பது சென்ட் வயலின் வைக்கோல் ஒரு பசுவுக்கு ஐந்து மாதம்கூட வராது, மீதியை அறுவடை நேரத்தில் வாங்கிப் படப்பு போட்டுவிட வேண்டும். ஆட்டைத் தோட்டக்காரர் வளர்க்கக் கூடாது.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை ஒட்டிய நிலம் மலிவாக இருக்கிறதே என்று வாங்குகிறவர்கள், ஏன் மலிவு என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட வேண்டும். காட்டுப்பன்றிக்கு நிலக்கடலையும் மரவள்ளியும் விருந்து. கரடி வரும், யானையும் வரும். வேலியில் நேரடியாக மின்சாரம் கொடுப்பது குற்றம், மனிதர்களும் செத்திருக்கிறார்கள். சூரிய மின்வேலி வேறு, அது துடிப்பாக வந்து உதைக்கும், கொல்லாது.

பத்திரம் பார்க்கும்போது வக்கீலிடம் மட்டும் விட்டுவிடாமல், புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு மூலைக்கல்லையும் நடந்து பாருங்கள். வண்டிப்பாதை வரைபடத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சில் இருக்கிறதா? கூட்டுப்பட்டா என்றால் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வந்த பிறகே முழுப்பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் பம்பாயில் இருக்கும் சித்தப்பா மகன் கையெழுத்துக்குப் பத்து வருஷம் காத்திருக்க நேரும். ஆற்றுப்பாசனப் பகுதியில் கோயில் நிலம் அதிகம், நிலம் யாருடையது என்று காட்டும் கிராம ‘அ’ பதிவேட்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பட்டியல் சமூகத்தாருக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் எத்தனை கை மாறியிருந்தாலும் பட்டியல் சமூகத்தார் அல்லாதவர் வாங்கியது செல்லாது. விவசாய மின் இணைப்பு அந்தச் சர்வே எண்ணில், விற்பவர் பெயரில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதிய இலவச இணைப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இணைப்பிலிருந்து வீட்டுக்கு விளக்குப் போட்டால் அபராதம் வரும், வீட்டுக்குத் தனி சர்வீஸ் வாங்க வேண்டும்.

வீடு கட்ட இடம் குறிக்கும் முன், 2023 டிசம்பர் 17, 18-இல் தண்ணீர் எதுவரை நின்றது என்று ஊரில் கேளுங்கள். சுவரில் கறையே காட்டுவார்கள். குளத்தின் உபரித் தண்ணீர் வழிகிற மறுகாலுக்கு நேர் கீழே கட்டாதீர்கள். அடித்தளம் அந்தக் கறைக்கு மேலே இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு அங்கிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வண்டியில் போய் எவ்வளவு நேரமாகிறது என்றும் பார்த்துவிடுங்கள். கண்ணாடிவிரியன் கடித்த பிறகு வழி விசாரிக்க நேரம் இருக்காது.

இவ்வளவையும் வாங்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஊருக்குள் வாடகைக்கு வீடு எடுத்து, கிணற்றுடன் ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, ஐப்பசி தொடங்கிப் புரட்டாசி முடிய ஒரு சுற்று இருந்து பாருங்கள். குத்தகையை எழுதிக்கொள்ள வேண்டும். கிணற்றில் உங்களுக்கு எத்தனை மணி நேர முறை என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். உப்பு, மருந்து, பள்ளிக்கூடம், மோட்டார் காயில் கட்டுவது என்று எதுவும் நிலத்தில் விளையாது. ஒன்றரை வருஷச் செலவுக்குப் பணம் தனியாக வங்கியில் கிடக்கட்டும். மிஞ்சுகிற காய்கறியைப் பாளையங்கோட்டை மகாராஜ நகர் உழவர் சந்தையில் விற்க, விவசாயி என்ற அடையாள அட்டை வேண்டும்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தற்சார்புக் கட்டுரை வருகிற அதே இணைப்பில் சென்ட் கணக்கில் பண்ணை மனை விளம்பரங்களும் வருகின்றன. சர்வே எண், கிணற்றின் அளவு, கடந்த புரட்டாசியில் அதன் நீர்மட்டம் ஆகிய மூன்றும் இல்லாத விளம்பரத்தை வாங்காமல் இருக்கத் தங்களால் முடியுமா?

இப்படிக்கு,
நாங்குநேரி, ராதாபுரம் வட்டப் புஞ்சை விவசாயிகள் சிலர்