ஞாயிறு மாலை: மகள் தந்த கேமரா

நண்பர்களே, இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூனின் புகைப்படங்களைப் பார்த்துப் பேசப் போகிறோம். 1863-இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகத் தந்த கேமராவில்தான் அவர் தொடங்கினார், கோழிக் கொட்டிலே ஸ்டூடியோ, நிலக்கரி வைக்கும் அறையே படம் கழுவும் டார்க்ரூம். அடுத்த ஜனவரியில் எடுத்த ஆனி என்ற சிறுமியின் படத்தைத் தன் முதல் வெற்றி என்றார். கோட்டுப் பொத்தானும் லேசாகக் கலைந்த முடியுமாக அந்தப் பிள்ளை எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள், எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். கடைசியில் இலங்கையில் இறந்தார், பொகவந்தலாவையில்தான் அடக்கம்.

அப்புறம், உங்கள் அம்மா எடுத்த உங்கள் சிறுவயதுப் படம் ஒன்றைக் கொண்டுவாருங்கள், மொபைல் நகல் போதும். என் படத்தில் அம்மாவின் நிழல் என் பாவாடைமேல் விழுந்திருக்கிறது.