பத்தாவது வரி எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சீனத் தளபதி ஷின் சீஜி (1140–1207) பற்றிய கட்டுரையில், "போர்களுக்கிடையே கிடைத்த ஓய்வில் கவிதையும் புனைந்தார்" என்றொரு வாக்கியம் வந்துள்ளது. எந்தப் போர்களுக்கிடையே என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாவேன். 22 வயதில் ஐம்பது குதிரைவீரர்களோடு, வடசீனத்தைப் பிடித்து ஆண்ட ஜின் அரசின் பாசறைக்குள் புகுந்து, தன் கிளர்ச்சிப்படைத் தலைவனைக் கொன்ற துரோகியைப் பிடித்துவந்தவர் அவர். அதன்பின், தென்சீனத்தில் எஞ்சியிருந்த தெற்குச் சொங் அரசவை, வடக்கை மீட்கச் சொல்லி அவர் எழுதிய மனுக்களைக் கிடப்பில் போட்டுவிட்டு நிர்வாகப் பதவிகளைத் தந்தது. அவற்றையும் பறித்து, இருபது ஆண்டுகளுக்கு அருகில் வீட்டோடு உட்காரவைத்தது. மெட்டுக்கு அளந்து எழுதப்பட்ட அவருடைய அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் எத்தனையோ, போர் மறுக்கப்பட்டவன் பாடியவை.

வாளைப் பற்றிய பாடலை மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். குடிமயக்கத்தில் விளக்கைத் தூண்டி வாளைப் பார்க்கிறான். கனவில் பாசறைக் கொம்பு ஒலிக்கிறது. குதிரை பாய்கிறது, வில்நாண் இடியாய் அதிர்கிறது. ஒன்பது வரி அச்சிட்டீர்கள். "பாவம், தலை நரைத்துவிட்டதே" என்ற பத்தாவது வரி இருக்கவேண்டிய இடத்தில் சமையல் எண்ணெய் விளம்பரம் இருக்கிறது. அந்த வரி இல்லையென்றால் அது வெறும் வீரப்பாட்டு என்பது தாங்கள் அறியாததா?

இது முதல்முறையும் அன்று. இன்னொரு சீனத் தளபதியான சாவ் சாவைச் சூழ்ச்சிக்காரர் என்று முடித்தபோது, அவர் கடலைப் பாடியதைச் சுட்டி நான் எழுதிய கடிதம் தங்கள் குப்பைக்கூடையை அலங்கரித்தது. சொங் தளபதி யுவே ஃபெய் பெயரில் வழங்கும் பாடல் அவருடையதுதானா என்று அறிஞர்கள் ஐயுறுவதையும் தங்கள் இதழ் ஒரு சொல்லில்கூடக் குறிப்பிடவில்லை.

ஷின் சீஜி பிறந்த சீன நகரமான ஜினானில் மூன்றாண்டுகள் நூற்பாலை இயந்திரப் பணியில் இருந்தேன். அங்கே தாமிங் ஏரிக்கரையில் அவருக்கு நினைவகம் உண்டு. ஆனால் அவரை எனக்கு அறிமுகப்படுத்தியவன், மாடிப்படியில் உட்கார்ந்து பள்ளிப்பாடம் ஒப்பித்த பக்கத்துவீட்டுப் பையன். அந்தப் பாடத்தில் வந்த பாடலில், மூத்த மகன் அவரைச்செடிக் கொல்லையில் களை கொத்துகிறான், அடுத்தவன் கோழிக்கூடு முடைகிறான், குறும்புக்காரக் கடைக்குட்டியோ ஓடைக்கரையில் படுத்துத் தாமரைக்காய் உரிக்கிறான். இதை எழுதியவரும் அதே தளபதிதான். தங்கள் நான்கு பக்கத்தில் அந்தக் குழந்தைக்கு இடமில்லாமல் போயிற்று.

கட்டுரையைத் திருத்தி வெளியிடும்படி கேட்கும் துணிவு எனக்கில்லை. விடுபட்ட அந்தப் பத்தாவது வரியை மட்டும் அடுத்த இதழில் ஏதேனும் ஒரு மூலையில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
திருப்பூர்.