என்னோடு வாதாடாமல் இருந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

தம்பி போய் இரண்டு வருஷம் ஆகிறது. அடக்க ஆராதனைக்கு வந்த உங்களுக்கெல்லாம் நான் அப்போதே நன்றி சொல்லியிருக்க வேண்டும். துக்கத்தில் இருக்கிறாள், வாய் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். உண்மை அதைவிடக் கொஞ்சம் மோசம். துக்கம் பாதிதான், மீதிப் பாதி கோபம். அதுவும் ஆண்டவர் மேல்.

11 மாதம் அவன் படுக்கையில் கிடந்தான். உபவாச ஜெபம், சங்கிலி ஜெபம், முழு இரவு ஜெபம் என்று நாங்கள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. "சுகம் கிடைத்துவிட்டதென்று விசுவாசித்து இப்போதே நன்றி சொல்லுங்கள்" என்று ஒருவர் சொன்னார். அதையும் செய்தோம். கிடைக்காத சுகத்துக்கு முன்கூட்டியே நன்றி சொன்ன வாய் இது. அப்புறம் அந்த வார்த்தையே கசந்துபோனது. இந்த மடல் இவ்வளவு தாமதமானதற்கு அதுதான் காரணம்.

ஆலயத்துக்கு வருவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் விசாரிக்க வருவார்களே என்ற பயம். பாட்டுக்கு எழுந்து நிற்பேன், பாடமாட்டேன். ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு நூறிலிருந்து பின்னோக்கி எண்ணுவேன். நீளமான ஜெபங்களில் இரண்டு முறைகூட எண்ணி முடித்திருக்கிறேன்.

முதல் நன்றி என் வீட்டுக்காரருக்கு. ராத்திரி ஜெபத்துக்கு அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. அதற்காக வேறு அறைக்கும் போய்விடவில்லை. நான் துணி மடித்துக்கொண்டிருக்கும் அதே அறையில் முழங்கால் போடுவார், தனியாக ஆமென் சொல்வார். ஒருநாள், "இவள் இன்னும் உம்மோடு பேசவில்லை ஆண்டவரே, நானும் அவளை வற்புறுத்தப் போவதில்லை" என்று சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கு அவர் மேலும் கோபம் வந்தது. இன்றைக்கு நினைத்தால், எனக்காக யாரும் செய்த ஜெபங்களில் அதுதான் நேர்மையானது.

அடுத்து, வியாழக்கிழமை தவறாமல் வந்த அம்மாவுக்கு. நீங்கள் வருவீர்கள், ஜன்னல் பக்கம் உட்காருவீர்கள், பையிலிருந்து கிழிந்த துணி எதையாவது எடுத்துத் தைப்பீர்கள். வசனம் கிடையாது, ஆறுதல் கிடையாது. "கண்ணு தெரியலைம்மா, இந்த ஊசியைக் கோத்துக் குடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் நூல் நுனியை நாக்கில் நனைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கோத்துக் கொடுப்பேன். மாதக்கணக்கில் ஒரு வாரத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து துக்கத்தில் கிடந்த யோபுவின் நண்பர்களை எல்லோரும் திட்டுகிறோம். ஆனால் அவர்கள் முதலில் சரியாகத்தான் தொடங்கினார்கள். ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்ததும்தான் கெட்டது. கடவுளுக்கு வக்கீலாக நின்று பக்கம் பக்கமாக அவர்கள் பேசினார்கள். யோபுவோ தான் பிறந்த நாளையே சபித்தான், கடவுளையே வழக்குக்கு இழுத்தான். கடைசி அதிகாரத்தில் கடவுள் யாரைக் கடிந்துகொள்கிறார் என்று பாருங்கள், அந்த வக்கீல்களைத்தான். யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார்.

இதை எனக்குக் காட்டியவர் போதகர் ஐயா. ஐயா, "எனக்கு அவரைப் பிடிக்கவில்லை" என்று நான் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னபோது நீங்கள் பதறுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். "என்கிட்ட சொல்றீங்க, சரி. அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டீர்கள். 88-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னீர்கள். எப்படியும் கடைசியில் ஸ்தோத்திரத்துக்குத் திரும்பிவிடும் என்று அசட்டையாகத்தான் தொடங்கினேன். திரும்பவே இல்லை. 18 வசனமும் முறையீடு. சிநேகிதர்களும் விலகிப்போனார்கள் என்று அப்படியே நின்றுவிடுகிறது. இப்படி ஒன்றை வேதாகமத்துக்குள் இருக்கவிட்டிருக்கிறாரே என்று அன்றைக்கு அவர் மேல் முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஓய்வுநாள் பள்ளியில் ஆசிரியை வராத ஒரு ஞாயிறு, என்னைப் பிடித்து உட்காரவைத்தவருக்கும் நன்றி. பாடம் லாசரு, மார்த்தாள் மரியாளின் சகோதரன், செத்த பிறகு இயேசு உயிரோடு எழுப்பியவன் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டீர்கள். யோவான் 11. "நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." மார்த்தாளும் சொல்கிறாள், பிறகு மரியாளும் அதே வார்த்தைகளைச் சொல்கிறாள். இரண்டு அக்கா தங்கைகள், வீட்டில் எத்தனை தடவை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்திருப்பார்கள்! லாசரு சுகமில்லை என்று கேட்ட பிறகும் இயேசு இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கினார் என்ற வரியை வாசிக்கும்போது என் குரல் எப்படி இருந்ததோ, பிள்ளைகள் கப்சிப்.

அப்புறம் ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும்ல ஆன்டி? பின்ன ஏன் அழுதார்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே அந்தக் கேள்வியை ஐயாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். நம் வேதாகமத்தில் 'ஆவியிலே கலங்கி' என்று இருக்கும் இடத்தில், மூல கிரேக்கச் சொல்லில் சீற்றமும் இருக்கிறது, குதிரை மூக்கால் சீறுவதற்கும் அந்தச் சொல்லைச் சொல்வார்கள் என்றீர்கள். அந்த 33-ஆம் வசனத்தில் ஒரு தடவை, கல்லறைக்கு வரும்போது 38-ஆம் வசனத்தில் இன்னொரு தடவை.

வீட்டுக்கு வந்து அதை யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் அவரைக் கல்லறைக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, மரணத்தோடு கூட்டாளியாக்கி, எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தேன். அவரோ இந்தப் பக்கம், எனக்குப் பக்கத்தில், அதே கல்லைப் பார்த்துச் சீறிக்கொண்டு நிற்கிறார். பிற்பாடு சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைக் கதறியவரும் அவர்தானே. அந்த 'ஏன்' எனக்கு மட்டும் உரியதில்லை என்று தெரிந்தது.

அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, 14 மாதத்துக்கு அப்புறம் ஜெபித்தேன். "நீர் வரவில்லை" என்பதுதான் முழு ஜெபமும். மறுநாளும் அதேதான். ஒரு வாரம் கழித்து, அவன் கடைசி ராத்திரி தண்ணீர் கேட்டதையும், டாக்டர் கொடுக்க வேண்டாம் என்றதால் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்ததையும் சொன்னேன். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் சொன்னேன். அப்புறம் ஒருநாள் கவனித்தேன், நான் கத்தவில்லை, பேசிக்கொண்டிருக்கிறேன். கோபம் எந்த நாளில் போனது என்று கேட்டால் எனக்குத் தேதி தெரியாது. சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிட்டவர்கள் மன்னிக்க வேண்டும், அந்த மாதிரிச் சாட்சி என்னிடம் இல்லை. லாசரு எழுந்தான், என் தம்பி எழவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உயிர்த்தெழுதலின் நாளில் கேட்பதற்காக அந்தக் கேள்வியை வைத்திருக்கிறேன், விட்டுவிடவில்லை.

எங்கள் விசுவாசம் போதவில்லை என்று சொன்னவருக்கு இந்த மடலில் நன்றி இல்லை. மன்னிப்பு உண்டு, அதற்கே நேரம் பிடித்தது.

வியாழக்கிழமை அம்மாவுக்கு இன்னும் ஒன்று. போன மாதம் ஆலயத்தில் பாடகர் குழு அங்கியின் பித்தான் அறுந்தபோது, நீங்கள் பின்வரிசை இருட்டில் உட்கார்ந்து ஒரே தடவையில் ஊசி கோத்ததைப் பார்த்தேன். கண்ணாடிகூடப் போடவில்லை. அதற்கும் நன்றி அம்மா.

உங்கள் சகோதரி