'ரத்த அழுத்தத்தால் தடித்த இதயம்' என்று எழுதும் முன்

இதயச் செயலிழப்பு நோயாளிகளைத் தினமும் பார்க்கும் மருத்துவர்களுக்கும், எக்கோ அறிக்கை எழுதுபவர்களுக்கும், கை அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கும்,

வணக்கம். நமக்குப் பழகிப்போன ஒரு நோயாளியின் கோப்பைப் பற்றியும், அதில் நாம் தவறவிடும் இதய அமிலாய்டு நோயை, அதாவது உருமாறிய புரத இழைகள் இதயத்தில் படிவதைப் பற்றியும்தான் இந்த மடல். வயது எழுபதுக்கு மேல். மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. எக்கோவில் இதயச் சுவர் 15 மில்லிமீட்டர். ஈஎஃப், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் விகிதம், 55 சதவீதம், அதில் குறையில்லை. பழைய சீட்டில் பிரஷர் மாத்திரை இருக்கிறது. 'ரத்த அழுத்தத்தால் தடித்த இதயம்' என்று எழுதி, நீர் பிரிய மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அதே கோப்பில் ஈசிஜியும் இருக்கும். அதை எடுத்து எக்கோ அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தசை தடித்திருந்தால் ஈசிஜி அலைகள் உயர வேண்டும். சுவர் 15 மில்லிமீட்டர் இருந்தும் அலைகள் சிறுத்தோ, சாதாரணமாகவோ இருந்தால், சுவரைத் தடிக்கவைத்தது தசையாக இல்லாமல் இருக்கலாம். மின்சாரம் எழுப்பாத வேறு ஏதோ, ஒருவேளை அமிலாய்டு, அங்கே படிந்திருக்கலாம். அமிலாய்டு படிந்த எல்லோருக்கும் அலைகள் சிறுத்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈசிஜி நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சந்தேகத்தைக் கைவிட வேண்டாம்.

அப்புறம் அந்த பிரஷர் மாத்திரை. சில வருடங்களாக ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தியே இருப்பார்கள். "பிரஷர் தானாவே சரியாயிடுச்சு டாக்டர்" என்று நோயாளியும் சந்தோஷமாகச் சொல்வார். ரத்த அழுத்தம் அப்படித் தானாகச் சரியாகிற வியாதியா என்ன? இறுகிப்போன இதயத்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் போதிய ரத்தத்தைத் தள்ள முடியவில்லை, அதனால்தான் அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று அந்த இடத்திலாவது நமக்குத் தோன்ற வேண்டும்.

இதயத்தில் படியும் அமிலாய்டில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்று ஏடிடிஆர். கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின், தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-யையும் சுமந்து செல்லும் புரதம். நான்கு துண்டுகள் சேர்ந்த அதன் அமைப்பு குலைந்தால், பிரிந்த துண்டுகள் உருமாறி, இழைகளாகத் திரண்டு இதயத்தில் படிகின்றன. வயதானாலும் வரும், பரம்பரை மரபணு மாற்றத்தாலும் வரும். இன்னொன்று ஏஎல். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் அளவுக்கு மீறிச் சுரக்கும் லைட் செயின் புரதத்தால் வருவது. இதில் இதயம் செயலிழக்கத் தொடங்கிய பிறகு சிகிச்சை இல்லாமல் விட்டால், அவகாசம் மாதக் கணக்கில்தான்.

இதெல்லாம் அபூர்வ நோய், பாடப்புத்தகத்தோடு சரி என்கிறவர்களுக்கு: 2015-இல் வெளியான ஒரு ஸ்பானிய ஆய்வில், ஈஎஃப் குறையாத இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்ந்த, 60 வயதைக் கடந்த, சுவர் 12 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்த 120 பேரைத் தேடிப் பார்த்தார்கள். அவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு ஏடிடிஆர் இருந்தது. அதுவரை யாரும் தேடவில்லை, அதனால் கிடைக்கவில்லை.

கை அறுவை சிகிச்சை நிபுணர்களே, உங்களை ஏன் அழைத்தேன் என்று யோசித்திருப்பீர்கள். இதயம் திணறுவதற்குப் பல வருடங்கள் முன்பே இந்த நோயாளி உங்களிடம்தான் வருகிறார். இரண்டு கையிலும் விரல் மரத்துப்போகிறது, இரவில் வலி தூக்கத்தைக் கெடுக்கிறது. நீங்கள் கார்ப்பல் டனலை, மணிக்கட்டில் நரம்பு செல்லும் குறுகிய பாதையை, திறந்து நரம்பை விடுவிக்கிறீர்கள், அவரும் குணமாகிப் போய்விடுகிறார். வயதானவர், இரண்டு கையிலும் பிரச்சினை என்றால், தசைநாண் உறையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அமிலாய்டைக் காட்டிக்கொடுக்கும் காங்கோ ரெட் சாயப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முதுகுத்தண்டுக் கால்வாய் சுருக்கம், மேற்கையில் பைசெப்ஸ் தசைநாண் அறுந்த வரலாறு, இவையும் இதே நோயின் முன்னோடிகளாக இருக்கலாம். இதய மருத்துவர்கள் நோயாளியின் கையைப் பிடிப்பது நாடி பார்க்கத்தான். மணிக்கட்டில் தழும்பு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

எக்கோ எழுதுபவர்களிடம் கேட்பது ஒன்றே. சுவர் தடித்திருந்தால் ஸ்ட்ரெயினையும், அதாவது தசை எவ்வளவு சுருங்குகிறது என்பதையும் அளந்துவிடுங்கள். அடிப்பகுதி சோர்ந்து, நுனி மட்டும் நன்றாகச் சுருங்கினால் அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

சந்தேகம் வந்த பிறகு பலர் சறுக்குவது பரிசோதனைகளில்தான். டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனில் இதயம் பளிச்சென்று தெரிந்ததும் 'ஏடிடிஆர்' என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஏஎல் நோயாளிக்கும் அப்படித் தெரியக்கூடும். ரத்தத்தில் லைட் செயின் அளவு, ரத்தத்திலும் சிறுநீரிலும் அசாதாரணப் புரதத்தைத் தேடும் இம்யூனோஃபிக்ஸேஷன், இவை முடியாமல் ஸ்கேனை மட்டும் நம்பக் கூடாது. அவை சுத்தமாக இருந்து, ஸ்பெக்ட் என்ற முப்பரிமாண ஸ்கேன் படத்தில் இதயத் தசையே ஒளிர்ந்தால் திசுப் பரிசோதனை தேவையில்லை என்பது 2016-லிருந்து ஏற்கப்பட்ட வழி. லைட் செயின் கோளாறு தெரிந்தால் அன்றைக்கே ரத்தவியல் நிபுணரிடம் பேசுங்கள், அடுத்த ரிவியூ வரை தள்ளிப்போட வேண்டாம்.

"கண்டுபிடித்து என்ன செய்ய, மருந்துதான் கைக்கு எட்டாதே" என்ற பதிலை அடிக்கடி கேட்கிறேன். மருந்து விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஏடிடிஆருக்கான மருந்தான டஃபாமிடிஸ் பற்றி 2018-இல் வந்த ஆய்வில், 30 மாதங்களில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 42.9 சதவீதம் பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 29.5 சதவீதம். அந்த வித்தியாசம் தெரியவே ஒன்றரை வருடம் ஆயிற்று. ஏற்கெனவே படிந்ததை அது கரைப்பதில்லை, மேற்கொண்டு படிவதைத்தான் தடுக்கிறது. ஆக, முற்றிய பிறகு பெயர் வைப்பதில் பலன் குறைவு.

மருந்தே கிடைக்காவிட்டாலும் பெயர் தெரிந்தால் நிறைய மாறும். துடிப்புக்குத் துடிப்பு ரத்த அளவைக் கூட்ட முடியாத இதயம், வேகமாகத் துடித்துத்தான் சமாளிக்கிறது. அதற்கு பீட்டா பிளாக்கரைக் கொடுத்து வேகத்தைக் குறைத்துவிட்டு, ஏன் தலைசுற்றி விழுகிறார் என்று நாமே கேட்கிறோம். இதய வேகத்தைக் குறைக்கும் வேறு மருந்துகளான டில்டியாஸம், வெராபமில் இன்னும் மோசம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு வந்துவிட்டால், பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் மதிப்பெண் எவ்வளவு என்று கூட்டிக்கொண்டிருக்காமல் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பரம்பரை வகை என்றால் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் மரபணுப் பரிசோதனை பற்றிச் சொல்ல வேண்டும்.

துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுவர் 12 மில்லிமீட்டரைத் தாண்டிய ஒவ்வொரு இதயச் செயலிழப்பு நோயாளியின் டிஸ்சார்ஜ் சுருக்கத்திலும் 'அமிலாய்டு: சந்தேகம் உண்டா, பார்த்தாயிற்றா' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். காலியாக விட முடியாத வரியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இதயச் செயலிழப்பு கிளினிக்கில் பணிபுரியும் ஒரு மருத்துவர்