நானே கலையிடம் பேசிக்கொள்கிறேன்

அன்புள்ள முத்துவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, ஆச்சி எல்லோரும் நலம். தாலிக்குப் பொன் உருக்க நாள் பார்த்தாயிற்று. அதைப் பற்றி அப்பா உன்னிடம் பேசுவார். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்கு. நீ கட்டிக்கொள்ளப் போகிற கலைக்குக் காது கேட்காதே, அவளோடு நாங்கள் எப்படிப் பேசுவது என்பதுதான் அது.

"கலை உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவாம்மா, நீங்க யாரும் சிரமப்பட வேண்டாம். மிச்சத்துக்கு நான் இருக்கேன்ல" என்று போனில் சொன்னாய். எங்கள் மேல் உள்ள கரிசனத்தில்தான் சொன்னாய், ஆனாலும் எனக்கு அது சம்மதம் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் 'பணம்' என்று சொல்லிப் பார். அடுத்து 'மணம்' என்று சொல்லிப் பார். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடும், வெளியிலிருந்து பார்க்கிறவளுக்கு என்ன தெரியும்? பாதிப் பேச்சை ஊகித்து ஊகித்துத்தான் அவள் நாளை ஓட்டுகிறாள். ஆபீசில் படுகிற பாடு போதாதென்று வாழ வருகிற வீட்டிலும் அந்தப் பாடு படணுமா?

அதனால் நான் சைகை மொழி படிக்க ஆரம்பித்துவிட்டேன். மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாளே, காது கேளாத பெண், அவளிடம்தான். மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய் உட்கார்ந்துகொள்வேன். வீட்டில் இருக்கும்போது, டெல்லியில் 2015-ல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் போட்டிருக்கிற அகராதி வீடியோக்களைப் பார்க்கிறேன். 2021-ல் வந்த பதிப்பில் 10,000 சொற்கள் இருக்கின்றன. சில சைகைகள் வீடியோவில் ஒரு மாதிரி, கடையில் வேறு மாதிரி. இரண்டும் சரிதானாம், மதுரையைத் தாண்டினால் நம் பேச்சு மாறுகிற மாதிரி இதுவும் ஊருக்கு ஊர் மாறும் என்கிறாள். பெங்களூரில் கலை எப்படிச் செய்கிறாளோ, அதை அவளிடமே கேட்டுக்கொள்வேன்.

முதல் பாடம் எழுத்து. ஆங்கில எழுத்து 26-ல் பெரும்பாலானவற்றுக்கு நமக்கு இரண்டு கையும் வேண்டும், பிரிட்டிஷ் வழியில் வந்தது. அமெரிக்காக்காரர்கள் ஒற்றைக் கையால் காட்டுகிறார்கள். ஆனால் எழுத்தை வைத்துப் பேரும் ஊரும் சொல்லலாமே தவிர, பேச்சு அதில் இல்லை. பெண் என்றால் மூக்குத்தி போடுகிற இடத்தை விரலால் தொட வேண்டும், ஆண் என்றால் மீசை. 'கொடு' என்பதைப் பார்த்து அசந்தே போனேன். கை என் பக்கமிருந்து உன் பக்கம் போனால் நான் உனக்குக் கொடுக்கிறேன். உன் பக்கமிருந்து என் பக்கம் வந்தால் நீ எனக்குத் தருகிறாய். யார், யாருக்கு என்பதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம், கை போகிற திசையே சொல்லிவிடுகிறது.

கேள்விச் சொல் கடைசியில்தான் வரும். 'உன் பேர் என்ன' என்று நாம் கேட்கிற அதே வரிசை. அதனால் நமக்குச் சுலபம். முகத்தைக் காட்டி 'என்ன' என்றால் யார், இடத்தைக் காட்டி 'என்ன' என்றால் எங்கே என்று கேட்கிற வழக்கமும் உண்டு.

எனக்குக் கஷ்டமாக இருப்பது கை இல்லை, முகம். 'சாப்பிட்டாச்சு' என்று காட்டுகிற அதே கையோடு கண்ணை விரித்துத் தலையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் அது 'சாப்பிட்டாச்சா?' ஆகிவிடும். முகம் அசையவில்லை என்றால் கேள்வியே இல்லை. தையல் கடைக்காரி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு என் முகத்தைச் சுட்டிக் காட்டுவாள். நாலு பேர் முன்னால் முகத்தில் எதையும் காட்டாதே என்று சொல்லி வளர்த்தார்கள் என்னை. அந்த வளர்ப்பு இந்த மொழிக்கு ஆகாது, விட்டுத்தான் ஆக வேண்டும்.

கலை படித்த பள்ளியில் கையை அசைத்தாலே ஸ்கேலால் அடிப்பார்கள் என்று நீ சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. அந்த ஒரு பள்ளியோடு போகிற கொடுமை இல்லை அது. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் மாநாடு கூட்டி, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சில்தான் பாடம் நடத்த வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். முடிவெடுத்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் காது கேட்கிறவர்கள்! 2010-ல் வான்கூவரில் நடந்த மாநாட்டில்தான் அந்தத் தீர்மானங்களைத் தள்ளிவிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். இடையில் 130 வருஷத்துப் பிள்ளைகள். நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் உன் பெரியத்தை சொன்ன கதைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கலை உன் கையைத் தொட்டு என்னவென்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று நீ சைகை காட்டினாய். அப்புறம் சொன்னாயா? சொல்லியிருந்தாலும் அவ்வளவு நீளக் கதை அவளுக்கு ஒரு வரியாகத்தான் போயிருக்கும். நீ நடுவில் நிற்கிறவரை எங்கள் பேச்சில் உனக்கு முக்கியமாகப் படுவது மட்டும்தான் அவளுக்கு வந்து சேரும். அவள் எங்களிடம் சொல்ல நினைப்பதும் அப்படித்தான். கோபப்பட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால்கூட உன் வழியாகவா சொல்லுவாள்? அப்பாவுக்கும் உன் தங்கைக்கும் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறேன். நீ ஒதுங்கி நின்றால்தான் எங்களுக்குச் சீக்கிரம் பழகும்.

கல்யாணத்துக்குக் கட்டாயம் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய். நீ அன்றைக்கு மாப்பிள்ளை, அந்த வேலை உனக்கு வேண்டாம். மேளத்துக்கும் வீடியோவுக்கும் கணக்குப் பார்க்காதவர்கள் நாம், இதற்கும் பார்க்க வேண்டாம். ஐயர் சொல்வதும் பெரியவர்கள் வாழ்த்துவதும் கலைக்கு அப்போதைக்கப்போதே தெரியணும். மொழிபெயர்ப்பவர் அவள் கண்ணுக்கு நேரே நிற்கட்டும், வீடியோ லைட் அவள் கண்ணில் அடிக்கக் கூடாது. இன்னொன்று. நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியைச் சுற்றி வரும்போது அவளால் பேச முடியாது. என்ன நடக்கப் போகிறது என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்க விடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கலையை என்னோடு வீடியோ காலில் பேசச் சொல். நீ பக்கத்தில் இருக்க வேண்டாம். பூப்போட்ட சேலையில் கை எடுப்பாகத் தெரியாதாம், ஒற்றைக் கலரில் கட்டிக்கொண்டு வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்துகொள்கிறேன். மெதுவாகக் காட்டச் சொல், புரியாததைத் திரும்பக் கேட்பேன். ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பேர் உண்டாம், காது கேளாதவர்கள்தான் வைப்பார்களாம். எனக்கு அவள் வைக்கட்டும், யோசித்து வைக்கச் சொல். மறுவீட்டு விருந்துக்கு என்ன சமைக்கட்டும் என்று அவளிடமே கேட்கப் போகிறேன். நீ முந்திக்கொண்டு எதையும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்மா