கேமரா எங்கே நின்றது? வடசென்னை கால்பந்தைப் படம்பிடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னை ஆட்டங்களை யூடியூபிலும் இன்ஸ்டாவிலும் ஏற்றும் தம்பி தங்கைகளுக்கும், விளையாட்டுப் பக்கம் எழுதும் நிருபர்களுக்கும் வணக்கம்.

வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு கப்பு ஆட்டம் முடிகிறது. பசங்க பூட்ஸைக் கழற்றுவதற்குள் 12 வினாடி ரீல் ஒன்று எல்லா போனிலும் ஓடுகிறது. மேலே கொட்டை எழுத்தில் 'ரெஃப்ரி வெல போயிட்டான்'. நாங்கள் இந்தப் பக்கத்தில் விசில் ஊதுகிறவர்கள், பயிற்சி கொடுக்கிறவர்கள். ரசிகனாக இருக்காதே என்று உங்களிடம் சொல்ல வரவில்லை. ஏரியாப் பாசம் இல்லாவிட்டால் மே மாத வெயிலில் லைன் ஓரம் யார் நிற்பார்கள்? ஆனால் படம் பிடிப்பதற்கும் தீர்ப்பு எழுதுவதற்கும் சில வேலைமுறைகள் உண்டு. அவற்றைப் பிடித்துக்கொண்டால் பாசத்தோடேயே நடந்ததை நடந்தபடி சொல்லலாம்.

முதலில் கேமரா நிற்கும் இடம். 2022 டிசம்பர் 1, கத்தார் உலகக் கோப்பை, ஜப்பான் ஸ்பெயின் ஆட்டம். ஜப்பானின் இரண்டாவது கோலுக்கு முன் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போனதா என்று உலகமே சண்டை போட்டது. பக்கவாட்டில் எடுத்த படத்தில் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் பளிச்சென்று தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் பந்தின் விளிம்பு கோட்டுக்கு மேலேயே இருந்தது, வெறும் 1.88 மில்லிமீட்டர். அந்தக் கோல் நின்றது, ஜப்பான் வென்றது, அதே குரூப்பில் இருந்த ஜெர்மனி ஊருக்குக் கிளம்பியது. காரணம் எளிது. பந்தின் குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர், தரையைத் தொடுவதோ ஒரு புள்ளியில். அந்தப் புள்ளி கோட்டின் வெளி விளிம்பைத் தாண்டி 10 சென்டிமீட்டர் போயிருந்தாலும் பந்தின் வயிறு கோட்டுக்கு மேலேதான் நிற்கும். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் அவுட். கோட்டுக்கு நேராகவோ நேர் மேலேயோ இல்லாத எந்தக் கேமராவுக்கும் இதைச் சொல்லும் தகுதி கிடையாது.

ஆஃப்சைடு, அதாவது பாஸ் கிளம்பும் கணத்தில் ஃபார்வர்டு எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைவிடக் கோலுக்கு நெருக்கமாக நின்றானா என்ற கேள்வி, இதைவிட மோசம். சாதாரண போன் வீடியோவில் வினாடிக்கு 30 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிவினாடி. ஃபார்வர்டு வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுகிறான், டிஃபெண்டர் 2 மீட்டர் வேகத்தில் எதிர்த்திசையில் ஏறி வருகிறான் என்று வையுங்கள். அந்த 33 மில்லிவினாடிக்குள் இருவருக்கும் நடுவே 33 சென்டிமீட்டர் மாறிவிடும். ஒரு பூட்ஸின் நீளத்துக்கும் மேல். பந்து காலை விட்டுக் கிளம்பிய கணம் எந்த ஃபிரேமில் இருக்கிறது என்பதே தெரியாதபோது, ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்புக் கோடு இழுத்து என்ன பயன்? மூலைக்கொடி பக்கம் நின்று எடுத்திருந்தால் இன்னும் சிக்கல். கோல் கோட்டுக்கு இணையான கோடு படத்தில் சாய்ந்து விழும். சமமாக நிற்கும் இருவரில் ஒருவன் ஒரு கஜம் முன்னால் நிற்பதுபோலத் தெரியும். பெரிய ஸ்டேடியத்தில் புல் வெட்டிய பட்டைகளாவது கண்ணுக்கு ஒத்தாசை செய்யும். நம்ம மண் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடே ஹாஃப் டைமுக்குள் அழிந்துபோகிறது.

ஆகவே இரண்டு போன் இருந்தால் இப்படி வையுங்கள். ஒன்று நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்த அளவு உயரத்தில். பக்கத்துக் கட்டட மாடி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கம்பத்தில் 12 அடி உயரத்துக்கு ஏற்றுங்கள். படுக்கைவாட்டில், ஜூம் தொடாமல், அகலமாக. இன்னொன்று ஏதாவது ஒரு கோல் கோட்டுக்கு நேராக, டச்லைனுக்கு (பக்கக் கோட்டுக்கு) வெளியே. இரண்டையும் 60 ஃபிரேமில் வையுங்கள். கிக் ஆஃப் விசிலுக்கு முன்பே ஓடவிட்டு ஹாஃப் டைம் வரை நிறுத்தாதீர்கள். அந்த விசில் சத்தத்தை வைத்து இரண்டு படத்தையும் பிறகு பொருத்திக்கொள்ளலாம். பாதி ஆட்டத்தில் போன் சூடேறி ரெக்கார்டிங் நிற்பது அடிக்கடி நடப்பது. வெயில் நேராக விழாமல் ஒரு அட்டையால் மறைத்துவிடுங்கள், பவர் பேங்கை முதலிலேயே மாட்டிவிடுங்கள். டச்லைனுக்கு வெளியே, பெனால்டி ஏரியா கோட்டுக்கு நேராக, அதாவது கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டரில், ஒரு கோன் வைத்தால் கோடு அழிந்தாலும் அளவு இருக்கும்.

அடுத்தது வேகம். ஃபவுலை ஸ்லோ மோஷனில் போட்டால் எவனும் வேண்டுமென்றே உதைத்தவன் மாதிரிதான் தெரிவான். 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே காட்டினார்கள். ஒரே காட்சியை மெதுவாகப் பார்த்தவர்கள், அதில் வேண்டுமென்றே செய்த எண்ணம் அதிகம் இருப்பதாகச் சொன்னார்கள். வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் வி.ஏ.ஆர் முறையின் விதியும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறது: எங்கே பட்டது என்று பார்க்க மெதுவாக ஓட்டலாம்; எவ்வளவு கடுமை, ஹேண்ட் (பந்து கையில் பட்டது) குற்றமா இல்லையா என்பதற்குச் சாதாரண வேகம். ஒலியையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். கூட்டத்தின் இரைச்சலோடு வீடியோ பார்த்த நடுவர்கள், இரைச்சல் இல்லாமல் பார்த்தவர்களைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவே சொந்த மண் அணிக்கு எதிராக ஃபவுல் கொடுத்தார்கள் என்று 2002இல் வந்த இங்கிலாந்து ஆய்வு சொல்கிறது. எங்கள் காதும் எங்களை ஏமாற்றும். அதை மறைக்க ஒன்றுமில்லை.

கிளிப்பை வெட்டும்போது சம்பவத்துக்கு முன் 10 வினாடி, பின் 10 வினாடி விடுங்கள். திருப்பி அடித்தவனைத்தான் கேமரா எப்போதும் பிடிக்கும், முதலில் முழங்கை விட்டவன் ஃபிரேமுக்கு வெளியே போயிருப்பான். ஃபவுல் நடந்தும் பந்து வைத்திருக்கும் அணிக்குச் சாதகம் என்று நடுவர் கையை முன்னால் நீட்டி ஆட்டத்தை ஓடவிட்டதும், அதாவது அட்வான்டேஜ் கொடுத்ததும், அந்த முதல் சில வினாடியில்தான் இருக்கும். அது இல்லாத கிளிப்பில் 'ஃபவுலே கொடுக்கல' என்று எழுதுவது எளிது.

கையில் பட்டதெல்லாம் ஹேண்ட் இல்லை. வேண்டுமென்றே தொட்டானா, இயல்புக்கு மீறிக் கையை விரித்து உடம்பைப் பெரிதாக்கினானா என்பதுதான் கேள்வி. தன் கையில் பட்டு அவனே உடனே கோல் போட்டால், தெரியாமல் பட்டிருந்தாலும் கோல் செல்லாது. கூட்டாளி கையில் தெரியாமல் பட்டு வந்த பந்தை இன்னொருவன் கோலாக்கினால் 2021 முதல் அது செல்லும். பழைய விதியை மனதில் வைத்துக்கொண்டு கமெண்ட்டில் கத்துகிறவர்கள்தான் பாதிப் பேர்.

ஃபவுல் கணக்கு எடுக்க ஆசைப்பட்டால் எதிரெதிர் ஏரியாக்காரர்கள் இருவரைத் தனித்தனித் தாளோடு உட்காரவையுங்கள். இருவர் கணக்கும் ஒத்துப்போகாத இடத்தை மட்டும் வீடியோவில் பாருங்கள். 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் பல்கலைக்கழக அணிகள் ஆடிய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தின் ஒரே படச்சுருளை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக்காட்டினார்கள். டார்ட்மவுத் அணி செய்த தப்புகளில், டார்ட்மவுத் மாணவர்களுக்குத் தெரிந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன்காரர்களுக்குத் தெரிந்தது. யாரும் பொய் சொல்லவில்லை.

இனி நிருபர்களுக்கு. கிரவுண்டில் தள்ளுமுள்ளு நடந்தால் 'வடசென்னையில் ரசிகர்கள் ரகளை' என்ற தலைப்பு தயாராகவே இருக்கிறது. 1989 ஏப்ரல் 15இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில் நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். நாலே நாளில் 'தி சன்' பத்திரிகை 'உண்மை' என்று முதல் பக்கத் தலைப்பு போட்டு, செத்தவர்களின் பாக்கெட்டில் ரசிகர்கள் கைவிட்டதாக எழுதியது. போலீஸ் தரப்பிலிருந்து வந்ததைச் சரிபார்க்காமல் அச்சேற்றினார்கள். ரசிகர்கள் மேல் தவறில்லை, அது சட்டவிரோத மரணம் என்று விசாரணை ஜூரி 2016இல் சொன்னது. 27 வருடம். லிவர்பூலில் அந்தப் பத்திரிகையை இன்றும் பலர் தொடுவதில்லை. எனவே ஸ்டேஷனிலிருந்து வரும் ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். கேட் எத்தனை திறந்திருந்தது, எத்தனை பேரை உள்ளே விட்டார்கள், ஆம்புலன்ஸ் எங்கே நின்றது என்று கேட்டு எழுதுங்கள்.

வசை மட்டும்தான் ஒருசார்பு என்று நினைக்க வேண்டாம், பரிதாபமும் அதே வேலையைச் செய்கிறது. கஞ்சா, கத்தி, குடிசை, நடுவே மலர்ந்த 'மினி பிரேசில்' என்று வியாசர்பாடியைப் பற்றி வரும் கட்டுரைகளில் ஸ்கோர் இருக்காது, அணிப் பட்டியல் இருக்காது. நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட் 12 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராகப் போட்ட ஒரே கோலால் ஈஸ்ட் பெங்கால் நாலரை வருடத்துக்குப் பின் கொல்கத்தா டெர்பியை (ஒரே ஊரின் இரண்டு பரம எதிரி அணிகள் மோதும் ஆட்டத்தை) வென்றது. வலது ஓரத்தில் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் வளைத்துப் போட்ட கோல் அது. அந்த வெட்டை எப்படிப் பழகுவது என்று இங்கே பயிற்சிக்கு வரும் பையன் தெரிந்துகொள்ள வேண்டும். அவனுக்கு வறுமைக் கதை புதுசில்லை.

ஒன்று கண்டிப்பாகக் கேட்கிறோம். 18 வயது ஆகாத பிள்ளையின் முகமும் பெயரும் எந்தத் 'துரோகி' ரீலிலும் வரக்கூடாது. பெனால்டி மிஸ் செய்த பத்தாம் வகுப்புப் பையனை ஏரியா பெயர் சொல்லித் திட்டும் கமெண்ட்டுகளை அன்றிரவே நீக்குங்கள். நீங்கள் போட்டது தப்பென்று தெரிந்தால் வீடியோவைச் சத்தமில்லாமல் அழித்துவிடாமல், அதே தலைப்பில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போட்டு ஒரு வாரம் மேலே குத்தி வையுங்கள்.

தீர்ப்பில் சந்தேகம் இருந்தால் ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்து வாருங்கள்; அதற்குள் எங்கள் மூச்சும் உங்கள் கோபமும் இறங்கியிருக்கும். எதற்கு விசில் ஊதினீர்கள், எந்த விதி, எங்கே நின்று பார்த்தீர்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். பதிலை வெட்டாமல் போடுவதானால் கேமராவை ஓடவிட்டே கேட்கலாம்.

இப்படிக்கு,
வடசென்னை நடுவர்களும் பயிற்சியாளர்களும் சிலர்