இங்கே போட்டால் யார் பார்ப்பார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சிறிய சமூக வலைதளங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல வசதிகள், விளம்பரத் தொல்லை இல்லாத பக்கம், தனியுரிமை ஆகிய மூன்றும் இருந்தால் போதும், பெரிய தளத்தை ஒரு நாள் முந்திவிடலாம், ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்து பிறகு ஃபேஸ்புக்கிடம் தோற்ற ஆர்குட் தளத்துக்கு நடந்தது யாருக்கும் நடக்கும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். படிக்கத் தெம்பாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மூன்றையும் நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கல்லூரி நண்பர்கள் குழுவில் 41 பேர். பெரிய தளம் ஒன்றில் பல வருடங்களாக இருக்கிறோம். விளம்பரம் தாங்கவில்லை என்று புலம்பாத ஆள் கிடையாது. சரி, நாமே ஆரம்பிப்போம் என்று ஒரு சின்னச் செயலியைத் தேடிப் பிடித்து எல்லோரையும் அங்கே வரச்சொன்னேன். 26 பேர் வந்தார்கள். முதல் வாரம் ஒரே அமர்க்களம்: பழைய படங்கள், கிண்டல், பத்து வருடம் பேசாதவர்களின் குசலம். மூன்றாவது வாரம் ஒரு நண்பனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. படத்தைப் பழைய இடத்தில் போட்டுவிட்டான். ஏன்டா இங்கே போடவில்லை என்று கேட்டேன். "இங்கே போட்டால் யார் பார்ப்பார்கள்?" என்றான். மாமனார், மச்சினர், அலுவலக நண்பர்கள், அவனுடைய பள்ளிக்கூட வாத்தியார் என எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். அவனை என்ன சொல்வது? நானும் அங்கே போய்த்தான் வாழ்த்துச் சொன்னேன்.

அந்தச் சின்னச் செயலியில் ஒரு குறையும் இல்லை. வேகமாக இருந்தது, பார்க்கவும் அழகு. நண்பனின் மாமனார் அதில் இல்லை, அவ்வளவுதான். அவரை எந்தப் புது வசதியைக் காட்டி வரவழைப்பது?

பணமும் ஆளும் இல்லாததால்தான் சின்னவர்கள் தோற்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2011இல் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைதளத்தை இறக்கியது கூகுள். அவர்களிடம் இல்லாத பணமா? நண்பர்களை வட்டம் வட்டமாகப் பிரித்து, யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் வசதியை அன்று எல்லோரும் பாராட்டினார்கள். 2018இல் மூடப்போவதாக அறிவித்தபோது கூகுளே சொன்ன கணக்கு இது: அங்கே வந்தவர்களின் வருகைகளில் 90 சதவீதம் 5 விநாடிக்கும் குறைவு. கதவைத் திறந்து, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்து, திரும்பிப் போவதற்கு அவ்வளவு நேரம் போதும்தானே.

ஆர்குட் விழுந்ததைக் கட்டுரையாளர் உதாரணமாகக் காட்டுகிறார். காலத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆர்குட்டும் ஃபேஸ்புக்கும் 2004இல் பிறந்தவை. ஆர்குட் கோலோச்சிய இந்தியாவிலும் பிரேசிலிலும் அன்று பெரும்பாலானோர் இணையத்துக்கே வந்திருக்கவில்லை. புதிதாக வந்த ஒவ்வொருவரும் "எதில் சேரட்டும்?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள். அவர்களைப் பிடித்தவன் ஜெயித்தான். ஆர்குட்காரர்களை இடம் மாற்றியதை விட, இன்னும் எங்கும் சேராதவர்களைச் சேர்த்ததுதான் அதிகம் என்பது என் எண்ணம். இன்று அப்படிக் காத்திருக்கும் கூட்டம் எங்கே இருக்கிறது?

அப்படியும் உள்ளே நுழைந்தவர்கள் உண்டு. அவர்கள் நுழைந்த வழியைப் பார்த்தால் கட்டுரையில் இல்லாத ஒன்று தெரிகிறது. ஃபேஸ்புக் முதலில் ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும்தான் திறந்தது. ஒரு மாதத்துக்குள் அங்கே இளநிலை மாணவர்களில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். உலகம் முழுக்கச் சிதறிய லட்சம் பேரை விட, ஒரே வளாகத்தில் ஒருவரையொருவர் தெரிந்த சில ஆயிரம் பேர் பலம். யாரைத் தேடினாலும் கிடைப்பார்கள். அப்புறம் அடுத்த கல்லூரி, அடுத்த கல்லூரி என்று போய், 2006இல்தான் எல்லோருக்கும் திறந்தார்கள். எங்கள் குழுவில் 26 பேரை வைத்து நான் செய்தது இதற்கு நேர் எதிர்: அவர்கள் ஒவ்வொருவரும் தேடும் மற்றவர்கள் அங்கே இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. இன்ஸ்டாகிராம் 2010இல் வந்தபோது அதில் நண்பர் ஒருவர்கூட இல்லாமலே பயன்படுத்தலாம். மங்கலான படத்துக்கு ஒரு சாயம் பூசி, அப்படியே ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் போட்டுவிடலாம். என் மனைவி ராவல்ரியில் இருப்பதும் இப்படித்தான். நூல் பின்னுகிறவர்களுக்காக 2007இல் ஆரம்பித்த தளம் அது. தன்னிடம் என்ன நூல் எவ்வளவு இருக்கிறது, எந்த மாதிரியில் எத்தனை வரிசை முடிந்திருக்கிறது என்று குறித்து வைக்கத்தான் போனாள். அங்கே அவளுக்கு இருக்கும் பின்னல் தோழிகளை இன்றுவரை எனக்குத் தெரியாது. தன் மாமனார் அதில் இல்லையே என்று அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. டிக்டாக்கும் ஆளைத் தேடச் சொல்லவில்லை. எதைப் பார்த்தீர்கள், எத்தனை விநாடி நின்றீர்கள் என்பதை வைத்தே அடுத்ததைக் காட்டியது. (டிக்டாக்கைச் சின்னத் தளம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. விளம்பரத்துக்கு அதை உருவாக்கிய பைட்டான்ஸ் நிறுவனம் கொட்டிய பணம் அப்படி.)

நுழைந்த பிறகும் நிம்மதி இல்லை. ஸ்னாப்சாட் செயலி 2013இல் கொண்டுவந்த, ஒரு நாளில் மறைந்துவிடும் 'ஸ்டோரி' 2016இல் அதே பெயரில் இன்ஸ்டாகிராமில் வந்தது. இன்ஸ்டாகிராமையே அதற்கு முன் 2012இல் ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. போட்டி போடுவதை விட வாங்குவதே மேல் என்று ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் 2008இலேயே ஒரு மின்னஞ்சலில் எழுதியதை, போட்டியை ஒழிக்கவே ஃபேஸ்புக் இப்படி வாங்கியது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் காட்டியது. 2025 நவம்பரில் தீர்ப்பு மெட்டாவுக்கு (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயர்) சாதகமாகவே வந்தது. டிக்டாக்கும் யூடியூபும் போட்டிக்கு இருக்கின்றனவே என்பது நீதிபதியின் பார்வை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. டிக்டாக்கில் நண்பன் குழந்தையின் படத்தையா தேடுகிறோம்?

எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது நண்பர் பட்டியல். ஃபேஸ்புக் வளர்ந்துகொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்பவர்களின் ஜிமெயில் முகவரிப் பட்டியலை இழுத்து அவர்களுடைய நண்பர்களைக் கண்டுபிடித்தது. தன் பட்டியலை மட்டும் கூகுளுக்கு அப்படித் தரவில்லை. 2010இல் கூகுள் கடுப்பாகி, நீ தராததை நான் ஏன் தரவேண்டும் என்று அந்த வழியை அடைத்தது. 2013 ஜனவரியில் வைன் என்ற குறுங்காணொளிச் செயலி வெளிவந்த அன்றே, ஃபேஸ்புக் நண்பர்களை அதில் தேடும் வசதியை ஃபேஸ்புக் வெட்டிவிட்டது. ஸக்கர்பெர்க் அதற்குச் சம்மதம் சொன்ன மின்னஞ்சல் 2018இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் இருக்கிறது. தான் ஏறிவந்த ஏணி என்ன என்று தெரிந்தவன்தான் அதை எடுத்துவிடுவான்.

எங்கள் குழு இருக்கும் பெரிய தளத்திலிருந்து என் தகவல்களையெல்லாம் ஒருமுறை தரவிறக்கினேன். நண்பர்கள் என்ற கோப்பைத் திறந்தால் வரிசையாகப் பெயர், சேர்ந்த தேதி. தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ, வேறொரு தளத்தில் அவரைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு குறியோ இல்லை. வீட்டைக் காலி செய்யலாம், பாத்திரங்களை மட்டும் வைத்துவிட்டுப் போ என்கிற மாதிரி.

மாஸ்டடான் என்பது ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல், பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் சேர்ந்த சமூக வலைதளம். அதில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் நம்மைப் பின்தொடர்பவர்கள் கூடவே வருகிறார்கள். எழுதிய பதிவுகள் வருவதில்லை, அது ஒரு குறை. ஆனால் எந்த சர்வரில் சேருவது என்ற முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள் என்பதை அதன் அபிமானிகள் ஒத்துக்கொள்வதே இல்லை. ட்விட்டர் மாதிரியான புளூஸ்கை தளம் 2024இல் கொண்டுவந்த 'ஸ்டார்ட்டர் பேக்' எனக்குப் பிடித்தது. ஒரு துறைக்காரர்களை யாராவது பட்டியல் போட்டு வைத்தால், புதிதாக வருபவர் ஒரே தட்டலில் அத்தனை பேரையும் பின்தொடரலாம். கூட்டமாகக் குடிபெயர அது ஒரு வண்டி. அந்த ஆண்டு நவம்பரில் புளூஸ்கை 2 கோடிப் பேரைத் தாண்டியது. ஆனால் 2023இல் மெட்டாவின் திரெட்ஸ் என்ற அதே மாதிரித் தளம் 5 நாளில் 10 கோடியைத் தொட்டதை மறக்கக்கூடாது. இன்ஸ்டாகிராம் கணக்கை வைத்தே உள்ளே போகலாம், பட்டியலும் கூடவே வரும் என்று வைத்தார்கள். பட்டியலைக் கையில் வைத்திருப்பவனுக்கு அவ்வளவு சுலபம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், வாட்ஸாப் போன்ற பெரிய செய்திச் செயலிகள் பிற செயலிகளுக்கும் வழிவிட வேண்டும் என்கிறது. மின்னஞ்சலைப் போல, எங்கிருந்தும் எங்கும் அனுப்பலாம் என்ற யோசனை. நல்லது. ஆனால் அந்த விதி செய்திச் செயலிகளோடு நின்றுவிட்டது. சமூக வலைதளங்களை அது தொடவில்லை.

கட்டுரையோடு ஓர் அட்டவணையும் போட்டிருந்தீர்கள்: எந்தத் தளத்தில் எவ்வளவு நீளக் காணொளி, எந்தத் தளத்தில் விளம்பரம், எதில் இருள் திரை. அடுத்த முறை அதில் இன்னொரு வரிசையும் சேர்க்க வேண்டுகிறேன்: கணக்கை மூடிவிட்டுக் கிளம்பும்போது எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம்?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்